பக்கத்துச் செல்லின் தீர்ப்பு

பழ ஈயை வைத்து வளர்ச்சி உயிரியல் செய்கிறவர்களின் வேலையில் பாதி, அங்கே இல்லாத ஒன்றை எண்ணுவது. ஈயின் புழுவுக்குள், பிற்பாடு இறக்கையாக விரியப்போகும் படலம் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் அதை விங் டிஸ்க் என்றே சொல்வோம். முட்டை பொரிக்கும் நேரத்தில் அதில் இருப்பவை சில பத்துச் செல்கள்தான். நான்கைந்து நாளில் பல்லாயிரமாகப் பெருகிவிடும். அந்தப் பெருக்கத்தின் நடுவே ஒரே ஒரு செல்லின் மரபணுவை மட்டும் கெடுத்துவிட்டு, அதன் வாரிசுகள் என்ன ஆகின்றன என்று பார்ப்பது எங்கள் தொழிலின் அடிப்படைக் கைவேலை. 1970-களில் இதற்கு எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். 1989-இல் கோலிக்கும் லிண்ட்குவிஸ்டும் ஈஸ்டின் நொதி ஒன்றை ஈக்குள் வேலை செய்ய வைத்த பிறகு, புழுக்கள் உள்ள குப்பியை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சற்று நேரம் வைத்தாலே போதும் என்றாயிற்று. செல் பிரியும்போது குரோமோசோம் துண்டுகள் கைமாறி, ஒரு மகள் செல்லுக்குக் கெட்ட பிரதிகள் இரண்டும், மற்றதற்கு நல்ல பிரதிகள் இரண்டும் போய்ச்சேரும். நல்ல பிரதியோடு பச்சை ஒளிர்புரதத்தைக் கோத்து வைத்திருந்தால், முதல் மகளின் வம்சம் கறுப்புத் திட்டாகவும் இரண்டாவதன் வம்சம் அடர்பச்சைத் திட்டாகவும் அருகருகே தெரியும். இரண்டும் ஒரே தாய்க்கு ஒரே பிரிவில் பிறந்தவை. ஆகவே அடர்பச்சைத் திட்டு இருந்து, அதன் அருகே கறுப்பு இல்லையென்றால், அது பிறக்கவே இல்லை என்று சொல்ல வழியில்லை. பிறந்தது, பிறகு போய்விட்டது. எப்படிப் போனது, போகவேண்டியது அதுதான் என்று யார் முடிவு செய்தது என்பதே கேள்வி.

பாடநூல்கள் இதைத் தரக்கட்டுப்பாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தச் சொல்லைக் கேட்டதும், வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செல்லாகச் சோதித்துப் போகும் மேற்பார்வையாளர் ஒருவர் மனத்தில் வந்து நின்றுவிடுகிறார். அரை நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், அப்படி ஒருவர் இல்லை என்றே எனக்குப் படுகிறது. திசுவிடம் வரைபடம் கிடையாது. ஒரு செல் தப்பான இடத்தில் இருக்கிறதா என்பதை அதன் பக்கத்துச் செல்கள்தாம் தீர்மானிக்கின்றன. அதுவும் தங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து மட்டுமே. தவறு அந்தச் செல்லுக்குள் இல்லை, இரண்டு செல்களுக்கு நடுவில் இருக்கிறது. இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் கூடவே வேறு சிலவற்றையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அவற்றில் சில அவ்வளவு இனிப்பானவை இல்லை.

கதை மாட்ரிட்டில் தொடங்குகிறது. மினிட் என்ற பெயரில் பழ ஈயில் ஒரு மரபணுக் குறைக் கூட்டமே உண்டு. பழ ஈ மரபியலின் முன்னோடி மோர்கனின் காலத்திலிருந்தே அறிந்தவை. பெரும்பாலானவை ரைபோசோம் புரதங்களின் மரபணுக்களில் நேர்ந்த பழுதுகள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டு பிரதியும் கெட்டால் ஈ பிழைக்காது. ஒன்று மட்டும் கெட்டால் பிழைக்கும். வளர்வதில் தாமதம், முடிகள் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும், அவ்வளவுதான். மற்றபடி இறக்கை சரியான அளவில், சரியான நரம்புகளோடு முளைக்கும். 1975-இல் கினேஸ் மொராட்டாவும் பெத்ரோ ரிப்போலும் இந்த மினிட் செல்களை, குறையில்லாத ஈயின் இறக்கைக்குள் சிறு குளோன்களாக, அதாவது ஒரே செல்லின் வாரிசுக் கூட்டங்களாக, உண்டாக்கிப் பார்த்தார்கள். முழு உடம்பாக இருந்தபோது பிழைத்து, இறக்கை கட்டி, பறந்த அதே செல் வகை, இப்போது காணாமல் போனது. செல்லின் குறை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். மாறியது அக்கம்பக்கம் மட்டும். செல் போட்டி என்று இன்று அழைக்கப்படும் துறை முழுவதும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்தது. மினிட் செல் மெதுவாக வளர்வது, இடம் தவறியதாகச் சொல்ல முடியாதே என்று ஒருவர் கேட்கலாம், சரிதான். மினிட் கதையை முதலில் வைத்தது, தீர்ப்பின் இயல்பு அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக. இடம் என்ற சங்கதி அதன் மேல் வந்து சேர்கிறது.

இடத்தை ஒரு செல் எப்படி அறிகிறது? விங் டிஸ்க்கின் நடுவில், முன்பாதியும் பின்பாதியும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒரு பட்டையில் உள்ள செல்கள் டிபிபி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது இரு பக்கமும் பரவுகிறது. நடுவில் அதிகம், ஓரம் போகப்போகக் குறைவு. ஒவ்வொரு செல்லும் தன் ஏற்பியில் வந்து ஒட்டும் டிபிபி எவ்வளவு என்பதை வைத்து இன்ன மரபணுவைத் திற, இன்னதை மூடு என்று முடிவெடுக்கிறது. இறக்கையின் நரம்புகள் எங்கே விழவேண்டும் என்பது இந்தச் சரிவிலிருந்தே வருகிறது. இனி, நடுவில் உள்ள ஒரு செல்லின் ஏற்பியைப் பிடுங்கிவிட்டால், அது ஓரத்துச் செல்லைப் போல நடந்துகொள்ளும். உடம்பு இருப்பது நடுவில், அடையாளம் ஓரத்துடையது. அப்படிப்பட்ட குளோன்கள் நடுப்பகுதியில் தங்குவதில்லை. 1999-இல் அடாச்சி-யமடாவும் கூட்டாளிகளும், இந்தச் சரிவில் திடீர்ப் பள்ளம் உண்டாகும் இடத்தில் ஜேஎன்கே என்ற சமிக்ஞை எழுந்து செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உலவின. ஒன்று, டிபிபி ஓர் உயிர்ச்சத்து, அது கிடைக்காத செல் சாகும். மற்றது, டிபிபி கிடைக்காதது பிரச்சினையே இல்லை, பக்கத்துச் செல்லுக்கும் இதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வுதான் பிரச்சினை.

முதல் விளக்கத்துக்கு நல்ல ஆதரவு இருந்தது. 2002-இல் மொரேனோ, பாஸ்லர், மொராட்டா மூவரும், மினிட் செல்கள் தோற்பதே டிபிபியை வாங்கிக்கொள்வதில் பின்தங்குவதால்தான் என்று வாதிட்டார்கள். ஆனால் அந்த விளக்கத்துக்குள் ஒரு முள் இருக்கிறது. டிஸ்க்கின் ஓரத்தில் வாழும் இயல்பான செல்கள் மிகக் குறைந்த டிபிபியோடு காலம் தள்ளுகின்றன, அவை சாகவில்லை. இன்னும் பெரிய முள், எதிர்த் திசையில் செய்த சோதனை. ஓரத்தில் உள்ள ஒரு செல்லில் ஏற்பியை எப்போதும் விழித்திருக்கும்படி மாற்றி, நடுப்பகுதிச் செல் என்று அதை நம்பவைத்தால், உயிர்ச்சத்துக் கணக்கின்படி அது கொழுத்துச் செழிக்க வேண்டும். நடப்பது வேறு. அந்தக் குளோன் உருண்டு திரண்டு படலத்தை விட்டுப் பிரிகிறது. அதே குளோனை நடுப்பகுதியில் உண்டாக்கினால் ஒன்றும் ஆவதில்லை, அக்கம்பக்கத்தோடு கலந்து இருந்துவிடுகிறது. அதிகமானாலும் வெளியேற்றம், குறைந்தாலும் வெளியேற்றம், ஆனால் பொருந்தும் இடத்தில் இரண்டுக்குமே வாழ்வு. இதை விளக்க ஏற்றத்தாழ்வைத் தவிர வேறு கருத்து எனக்கு எட்டவில்லை.

பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் உயர வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். குள்ளமானவர் முன்னே, நெட்டையானவர் பின்னே. அளவுகோலோடு ஆசிரியர் வரவேண்டியதில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரையும் பார்த்தாலே தன் இடம் சரியா என்று தெரிந்துவிடும். நெட்டையானவன் முன்வரிசையில் நின்றால் அவனை அடுத்தவர்களே தள்ளிவிடுவார்கள். ஆனால் மொத்த வரிசையும் தவறிப்போய் வேறு வகுப்பின் இடத்தில் நின்றுவிட்டால், வரிசைக்குள் இருக்கும் யாருக்கும் அது தெரியாது.

அந்தக் கடைசிச் சங்கதிதான் இந்த வாதத்தின் உரைகல். மேற்பார்வையாளர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தால், முழுப் பகுதி தவறிப்போகும்போது அவர் இன்னும் உரக்கக் கத்தவேண்டும். பழ ஈயின் புகழ்பெற்ற விகாரங்கள் எல்லாம் அதற்கு நேர்மாறான சாட்சியம் சொல்கின்றன. ஆன்டெனப்பீடியா என்ற மரபணு தப்பான இடத்தில் விழித்துக்கொண்டால் தலையில் உணர்கொம்புக்குப் பதில் கால் முளைக்கிறது; முழுசான கால். எட்வர்ட் லூயிஸ் உருவாக்கிய ஈக்கு ஒரு மார்புக் கண்டம் முழுவதும் முந்தைய கண்டத்தின் அடையாளத்தை எடுத்துக்கொண்டதால் நான்கு இறக்கைகள். இந்தத் திசுக்களில் எந்தச் செல்லையும் யாரும் வெளியேற்றவில்லை. காரணம், உள்ளே சச்சரவு இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் பக்கத்துச் செல்லோடு ஒத்துப்போகிறது. உடம்பின் கணக்கில் முழுத் தவறு, திசுவின் கணக்கில் தவறே இல்லை. 1995-இல் வால்டர் கெரிங்கின் குழு ஐலெஸ் என்ற மரபணுவை இறக்கையிலும் காலிலும் விழிக்கச் செய்து அங்கெல்லாம் கண்களை முளைக்க வைத்தது. அந்தப் படங்களைப் பார்க்காத உயிரியல் மாணவர் இருக்க மாட்டார். அதே ஐலெஸை விங் டிஸ்க்கில் சிதறலான சிறு குளோன்களில் விழிக்கச் செய்தால் அவை வட்டமாகச் சுருங்கி, படலத்திலிருந்து கழன்று, சிறு பைகளாக மாறிவிடுகின்றன.

இந்த இரண்டாவது செய்தி 2016-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. அன்-கத்ரின் கிளாசனின் குழுவும் டிரெஸ்டனின் இயற்பியலாளர்களும் சேர்ந்து செய்த வேலை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வு இதுதான். ஒரே ஒரு மரபணுவோடு நின்றுவிடாமல், செல்லின் அடையாளத்தை மாற்றும் பல மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குளோன்களில் விழிக்கச் செய்து பார்த்தார்கள். எந்த மரபணு என்பது பெரிய விஷயமாகவே இல்லை. அடையாளம் மாறிய செல்லும் மாறாத செல்லும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் மட்டும் சுருங்கும் புரதங்களான ஆக்டினும் மையோசினும் குவிந்து, அந்த எல்லைக் கோடு சுருக்குப் பையின் கயிறாக இறுகுகிறது. அதன் பிறகு நடப்பது இயந்திரவியல். ஒன்றிரண்டு செல்களே என்றால் இறுக்கம் அவற்றை நசுக்கிவிடும், அவை சாகின்றன. கொஞ்சம் பெரிய கூட்டம் என்றால் நசுக்கிவிட முடியாது. ஆனால் படலம் அந்த இடத்தில் வளைந்து, கூட்டம் ஒரு பையாகக் கழன்றுவிடும். இன்னும் பெரிய கூட்டம் என்றால் எல்லை நேர்த்தியாக வழவழப்பாகிறது, கூட்டம் அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. எல்லையின் நீளத்துக்கும் உள்ளே இருக்கும் செல்களின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதமே விதியை எழுதுகிறது. சிறுபான்மை எவ்வளவு சிறியது என்பதே கேள்வி. அளவைப் பார்த்து முடிவு மாறும் ஒரு முறையை, சரி தவறு அறிந்த சோதனை என்று எப்படிச் சொல்வது?

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பல ஆண்டுகள் இந்தத் துறை இரண்டு வேறு நிகழ்வுகளை ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை ஸ்லைடில் வைத்து கன்ஃபோகல் நுண்ணோக்கியில் மேலிருந்து பார்க்கும்போது, படலத்தில் இல்லாத குளோன் செத்துப்போன குளோனாகவே தெரியும். ஆழமாக இறங்கி, படலத்தைக் குறுக்கே வெட்டிய தோற்றத்தில் பார்த்தால்தான், அது அடிப்பக்கமாகப் பிதுங்கி உயிரோடு கிடப்பது கண்ணில் படும். 2005-இல் கிப்சனும் பெரிமானும் ஒரு பக்கம், ஷென்னும் டாமனும் மறுபக்கம், ஒரே சஞ்சிகையில் இதைத்தான் வெளியிட்டார்கள். டிபிபி ஏற்பி இழந்த செல்களில் ஜேஎன்கே சமிக்ஞையை அடைத்துச் சாவைத் தடுத்தபோதும், அவை படலத்தில் தங்கவில்லை, உயிரோடு வெளியேறின. ஆகவே வெளியேற்றம் முதல் நிகழ்வு, சாவு அதன் பின்னே வரும் துப்புரவு. வடிவத்தைக் காப்பாற்றுவது வெளியேற்றம்தான். குளோன் இல்லை என்பதிலிருந்து குளோன் செத்தது என்று தாவிவிடும் கட்டுரைகளை இன்றும் காண்கிறேன். அந்தத் தாவலுக்குக் குறுக்குவெட்டுப் படம் ஒன்றுகூட இல்லாவிட்டால் அதை நான் நம்புவதில்லை.

இதெல்லாம் நீங்களே உண்டாக்கிய குளோன்கள், இயற்கையில் எந்தக் கருவுக்குள் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு மரபணுவை முழுசாக அணைத்து அல்லது முழுசாக விழிக்க வைத்து உண்டாக்கும் ஏற்றத்தாழ்வு, இயல்பான வளர்ச்சியில் நேரும் சிறு பிசகுகளைவிடப் பல மடங்கு பெரியது. அந்தப் பெரிய அதிர்ச்சிக்குத் திசு காட்டும் பதிலை வைத்து, அன்றாடம் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதற்குப் பதில் குளோன் இல்லாத சோதனைகளிலிருந்துதான் வரவேண்டும், வந்தும் இருக்கிறது. பழ ஈயின் தாய் தன் முட்டையின் முன்முனையில் பைகாய்ட் என்ற மரபணுவின் செய்தியை வைத்து அனுப்புகிறாள். அதிலிருந்து உண்டாகும் புரதத்தின் சரிவே தலை எங்கே, மார்பு எங்கே என்று சொல்கிறது. வழக்கமாகத் தாயிடம் இரண்டு பிரதிகள். அதை ஆறாக்கினால் தலைக்கான பகுதி பின்னோக்கி நீண்டுவிடும். அத்தனை கோணலோடு தொடங்கிய கருக்கள் பெரும்பாலும் இயல்பான புழுக்களாகவே பொரிக்கின்றன. 1997-இல் மிண்டனின் குழு அதன் ரகசியத்தில் ஒரு பகுதியைப் பிடித்தது: நீண்டுவிட்ட பகுதியில் செல்சாவு கூடுகிறது, நெருக்கப்பட்ட பகுதியில் குறைகிறது. இங்கே யாரும் தனிச்செல்லைக் கெடுக்கவில்லை.

ஆனாலும் இந்தச் சான்று என் கருத்துக்கு முழுசாகத் துணைவரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீண்டுவிட்ட அந்தப் பகுதி முழுவதும் உள்ளுக்குள் ஒத்துப்போகும் செல்கள். எல்லையில் ஏற்றத்தாழ்வு என்ற விளக்கம் அங்கே அப்படியே பொருந்துவதில்லை. இடநெருக்கடி, கிடைக்கும் உயிர்ச்சத்தின் அளவு போன்ற வேறு கணக்குகளும் அங்கே இருக்கக்கூடும். நேரான துணை ஜப்பானிலிருந்து வந்தது. 2019-இல் இஷிடானியின் குழு, வரிக்குதிரை மீனின் கருவில் முன்பின் அச்சைத் தீர்மானிக்கும் விண்ட் சமிக்ஞையின் சரிவை உயிரோடு படம்பிடித்தது. யாரும் கைவைக்காத கருவிலேயே, இடத்துக்குப் பொருந்தாத அளவில் சமிக்ஞை காட்டும் செல்கள் தாமாகவே தோன்றுவதும், பிறகு மறைவதும் தெரிந்தன. பக்கத்துச் செல்லோடு கேட்ஹெரின் என்ற ஒட்டுப்புரதத்தின் அளவில் வரும் வேறுபாடு, அந்தச் செல்லுக்குள் ஸ்மாட் சமிக்ஞையைத் தூண்டி, வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கி, அதைச் சாகவைக்கிறது. இந்த அழிப்பைத் தடுத்தால் சரிவு கரடுமுரடாகி, அச்சின் அமைப்பே கோணுகிறது. இங்கே வெந்நீர்த் தொட்டி இல்லை. பிசகும் இயற்கை, திருத்தமும் இயற்கை.

சாவைத் தடுத்தால் வடிவம் கெடுகிறது என்று சொல்லும் சோதனைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழ ஈயில் சாவைத் தடுக்கப் பெரும்பாலும் பயன்படுவது, பூச்சி வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த பி35 என்ற புரதம். அது சாவின் கடைசிப் படியைத்தான் அடைக்கிறது. சாகத் தொடங்கிய செல், சாகமுடியாமல் நின்று, அக்கம்பக்கத்தை வளரச்சொல்லும் சமிக்ஞைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். டிபிபியே அவற்றில் ஒன்று. அந்த டிஸ்க் கோணிப்போனால், தவறான செல் தங்கியதால் கோணியதா, சாகாத செல்லின் கூச்சலால் கோணியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். இந்தக் காரணத்தால் நான் பி35 சோதனைகளைவிட எலியின் இனச்செல் சோதனையை அதிகம் நம்புகிறேன். எலிக் கருவில், பின்னாளில் முட்டையும் விந்துவும் ஆகப்போகும் செல்கள் குடலருகே தொடங்கி, விதைப்பையும் சூல்பையும் உருவாகும் இடத்துக்கு நடந்து போகின்றன. வழிதவறிப் பின்தங்குபவை நடுக்கோட்டில் நின்றுவிடும். இயல்பான கருவில் அவை சாகின்றன. 2003-இல் வைலியின் குழு, பேக்ஸ் என்ற சாவு மரபணு இல்லாத எலிகளில் அந்தத் தவறிய செல்கள் சாகாமல் நடுக்கோட்டிலேயே கிடப்பதைக் காட்டியது. இவை பக்கத்துச் செல்லின் நெருக்கலால் சாகவில்லை. சுற்றியுள்ள செல்கள் தரும் ஸ்டீல் என்ற காரணி நடுக்கோட்டில் வற்றிவிடுவதால் சாகின்றன. முறை வேறு, ஆனால் தீர்ப்பு இங்கேயும் அக்கம்பக்கத்தின் கையில்தான். மனிதரில் இனச்செல் கட்டிகள் சில நேரம் விதைப்பைக்கும் சூல்பைக்கும் வெளியே, மார்புக்கூட்டின் நடுவிலோ, தண்டுவட நுனியருகிலோ, மூளையின் பீனியல் பகுதியிலோ, அதாவது நடுக்கோட்டை ஒட்டியே முளைப்பதற்கு, இப்படித் தப்பிப் பிழைத்த செல்களே காரணம் என்பது நெடுநாள் கருதுகோள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இடம் தவறிய செல்லைக் கொல்லத்தான் வேண்டுமா? வரிக்குதிரை மீனின் தண்டுவடத்தில் வேறு காட்சி. 2013-இல் மெகசனின் குழு, அங்கே செல்கள் தம் அடையாளத்தை முதலில் உப்பும் மிளகும் கலந்தாற்போலத் தாறுமாறாகவே எடுத்துக்கொள்கின்றன, பிறகு நகர்ந்து இனம் இனமாகப் பிரிந்து தெளிவான பட்டைகளாகின்றன என்று காட்டியது. யாரும் சாகவேண்டியதில்லை. பின்மூளையில் இன்னொரு வழி: பட்டையின் எல்லையைத் தாண்டிவிட்ட செல், போன இடத்தின் அடையாளத்தையே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஆக, கொல்லுவது மூன்றில் ஒரு வழி மட்டுமே, அதையே விதியாக்கிப் பேசுவது பழ ஈக்காரர்களின் பழக்கதோஷம் என்று மீன்காரர்கள் சொல்வார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். செல்கள் தாராளமாக நகரக்கூடிய திசுவில் பிரிந்து சேர்வது மலிவான வழி. அடையாளம் இன்னும் கெட்டிப்படாத பருவத்தில் மாற்றிக்கொள்வது மலிவான வழி. விங் டிஸ்க் போன்ற, செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிய படலத்தில் இரண்டுமே எளிதில்லை, ஆகவே அங்கே வெளியேற்றம். வீண்செலவு என்பதும் அத்தனை பெரிய குற்றச்சாட்டு இல்லை. எக்ஸ் கதிரால் டிஸ்க்கின் செல்களில் ஏறத்தாழப் பாதியைக் கொன்றாலும் மிச்சமிருப்பவை பெருகி இயல்பான இறக்கையைக் கட்டிவிடுகின்றன என்பது 1977-இலேயே தெரியும். வளரும் திசுவுக்குச் செல் மலிவு.

ஒப்புக்கொள்ளாத மற்றப் பாதி இது. அடையாளத்தை மாற்றிக்கொள்ளும் பின்மூளையிலும் தீர்ப்பு யாருடையது என்று பாருங்கள். தனியாக இடம்மாற்றி வைத்த செல் புதிய இடத்தின் அடையாளத்தை ஏற்கிறது. கூட்டமாக வைத்தால் பழைய அடையாளத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 2000-ஐ ஒட்டி எலியிலும் மீனிலும் செய்த மாற்று நடவுகள் இதையே காட்டின. 2018-இல் வில்கின்சனின் குழு, இதன் பின்னால் ரெட்டினாயிக் அமிலத்தின் அளவு இருக்கிறது, அந்த அளவைத் தீர்மானிப்பது பக்கத்துச் செல்கள் என்று காட்டியது. கொல்லாத முறையிலும் சிறுபான்மை பணிகிறது, கூட்டம் பணிவதில்லை. ஈயின் படலத்தில் எல்லைக்கோட்டின் இறுக்கம் செய்ததை இங்கே ஓர் அமிலத்தின் அளவு செய்கிறது. பொறிமுறைகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை, கணக்கு ஒன்று. பல திசுக்கள் தனித்தனியே ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், வரைபடம் இல்லாமல் வடிவத்தைக் காக்க வேறு மலிவான வழி இல்லை என்பதே என் ஊகம்.

இனிப்பில்லாத விளைவுகளுக்கு வருவோம். அக்கம்பக்கம்தான் நீதிபதி என்றால், அக்கம்பக்கம் கெட்டுப்போனால் நல்ல செல் குற்றவாளியாகும். 2004-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. வளர்ச்சியைத் தூண்டும் மிக் என்ற மரபணு சற்று அதிகமாக உள்ள செல்களை விங் டிஸ்க்கில் வைத்தால், ஒரு குறையுமில்லாத இயல்பான செல்கள் அவற்றின் அருகில் சாகின்றன. மிக் புற்றுநோயில் பெயர்பெற்ற மரபணு. தரக்கட்டுப்பாடு என்ற பெயரை நான் ஏன் ஏற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நாயின் சிறுநீரகச் செல்களின் படலத்தில், ராஸ் புற்றுமரபணு விழித்த செல் இயல்பான செல்களால் சூழப்பட்டிருந்தால் மேல்பக்கமாகத் தள்ளப்படுகிறது என்று 2009-இல் ஃபுஜிட்டாவின் குழு காட்டியபோது, உடம்பு புற்றுநோயைத் தானே விரட்டுகிறது என்ற நம்பிக்கை பரவியது. அதே செல்கள் தம் இனத்தால் மட்டுமே சூழப்பட்டிருந்தால் யாரும் தள்ளுவதில்லை என்ற மறுபாதியை அந்த உற்சாகத்தில் பலர் விட்டுவிட்டார்கள். 2018-இல் மார்ட்டின்கொரேனாவும் கூட்டாளிகளும் இயல்பான மனித உணவுக்குழாயை அங்குலம் அங்குலமாகப் படித்தபோது, வயது ஏற ஏற நாட்ச்-1 மரபணு மாறிய செல்கள் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிலரில் எண்பது சதவீதம் வரை. உணவுக்குழாய்ப் புற்றுக்கட்டிகளில் அந்த மாற்றம் அதைவிடக் குறைவாகவே தென்படுகிறது. யார் வென்றாரோ அவர் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது, நல்லவர் என்றும் சொல்ல முடியாது. வளர்ந்து முடிந்த திசுவை வளரும் திசுவோடு சேர்த்து எண்ணுவதில் அவசரம் கூடாது. ஆனாலும் பக்கத்துச் செல்லை வெல்வது உடம்புக்கு நன்மை செய்வதோடு ஒன்றில்லை என்பது இரண்டுக்கும் பொது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குளோனின் படத்தை வெளியிடும்போது குளோனை மட்டும் வெட்டி எடுத்துப் போடாதீர்கள். ஜேஎன்கே எல்லைக்கோட்டின் இரு பக்கத்துச் செல்களிலும் எழுகிறது என்று கிளாசனின் குழு 2023-இல் காட்டியிருக்கிறது. குளோனுக்குள் மட்டும் சாயத்தை அளந்தவர்களுக்கு அந்தப் பாதி தெரியவே வாய்ப்பில்லை. எல்லைக்கு வெளியே இரண்டு மூன்று வரிசைச் செல்களையாவது சேர்த்து அளந்து, குறுக்குவெட்டுத் தோற்றத்தையும் கூடவே வையுங்கள். குளோனில் எத்தனை செல்கள் இருந்தன, அது டிஸ்க்கின் நடுவிலா ஓரத்திலா என்பதை ஒவ்வொன்றுக்கும் குறித்து வையுங்கள். இந்த விவரங்கள் இல்லாத தரவை வைத்து மேலே சொன்ன வாதத்தை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.